பைக்குக்கும் பச்சை விளக்கு

அமெரிக்காவின் பல சந்திப்புகளில், சாலைக்குள் புதைத்த கம்பிச் சுருள்தான் வண்டி நிற்பதை உணர்ந்து பச்சை விளக்கை வரவழைக்கிறது. மேலே நிற்கும் உலோகத்தில் சுழல் மின்னோட்டம் எழும்போது சுருளின் மின்தூண்டல் குறையும். அதைத்தான் கருவி கவனிக்கிறது, எடையை அல்ல. அதனால், பைக்கைச் சுருள் உணராதபோது அதில் காந்தம் ஒட்டிப் பயனில்லை. சுருளைப் புதைக்கச் சாலையில் வெட்டிய கோட்டின் மேல் சக்கரங்களை நிறுத்தினால் பலன் உண்டு.

பைக்கைக் கண்டறியச் சுருளின் உணர்திறனைக் கூட்டினால் பக்கத்துத் தடத்துக் காரும் பதிவாகுமே என்பார்கள். சுருளின் வடிவத்தை மாற்றினால் அந்தச் சிக்கல் பெரிதும் குறையும். காத்திருந்தும் விளக்கு மாறாவிட்டால் சிவப்பைக் கடக்கலாம் எனச் சில மாநிலங்கள் அனுமதிப்பது, ஆபத்தை ஓட்டுபவர் தலையில் கட்டுவதாகும். புதிய உணரிகள் சைக்கிளையும் பைக்கையும் கண்டறிய வேண்டும் என்று கலிபோர்னியா 2007-இல் சட்டம் இயற்றியது. விதிக்குக் கட்டுப்பட்டு நிற்பவரைச் சிக்னல் கண்டுகொள்வதே நியாயம்.