வேலை முடிந்தபின் ஒரு கமரா
(சங்கத்தின் மாதாந்த ஒன்றுகூடலில் பேசியதன் எழுத்து வடிவம்)



புகைப்படக்கலை பற்றிப் பத்து நிமிடம் பேசும்படி செயலாளர் அண்ணா கேட்டார். கலையை ஆராய்ந்து பேச நான் படித்தவனல்ல. உயர்தரத்தோடு படிப்பு நின்றது. இங்கே ஜேர்மனியில் பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் மெசினுக்கு முன்னால் நிற்கிறவன். ஆனால் கமரா பற்றிக் கதைக்கச் சொன்னால் கதைப்பேன்.

முதலில் ஒருவரைச் சொல்ல வேண்டும். பெயர் ஒஸ்கார் பார்னாக். 1879ல் பிறந்தவர். மெக்கானிக் வேலை பழகி, 1911ல் வெற்ஸ்லார் நகரில் நுணுக்குக்காட்டி செய்யும் லைற்ஸ் கொம்பனிக்கு வேலைக்கு வந்தார். ஓய்வுநாளில் படம் எடுப்பது அவருக்கு விருப்பம். அந்தக் காலத்துக் கமராவோ பெட்டி, கண்ணாடித் தட்டுகள், முக்காலி என்று பெரிய சுமை. மனிசனுக்கு முட்டு வருத்தம், தூக்கிக்கொண்டு நடக்க ஏலாது. ஆகவே சினிமாப் படச்சுருளைப் போட்டு, கைக்குள் அடங்கும் கமரா ஒன்றை 1914 அளவில் செய்தார். படத்தின் அளவு 24க்கு 36 மில்லிமீற்றர். 1920ல் வெற்ஸ்லாரில் வெள்ளம் வந்தபோது அதைக் கொண்டுபோய் அவர் எடுத்த படங்கள் இன்றும் இருக்கின்றன. 1925ல் லைப்சிக் சந்தையில் அது லைக்கா என்ற பெயரோடு வெளிவந்தது. இன்று 'ஃபுல் பிரேம்' என்று கடைக்காரர் கூடின விலை சொல்லுகிற கமராவெல்லாம் அந்த முட்டு வருத்தக்காரர் வைத்த அளவுதான். வேலைக்குப் போகிறவனுக்கு உதுக்கெல்லாம் எங்கே நேரம் என்று கேட்பவைக்கு நான் பார்னாக்கைத்தான் காட்டுவேன்.

எனக்கு ஒரு கிழமை காலை வேலை, மறு கிழமை பின்நேர வேலை. காலை வேலையென்றால் இரண்டு மணிக்கு வெளியே வருவேன். மார்கழியில் நாலரைக்கு இருட்டிவிடும். அதற்குள் பிள்ளையையும் பள்ளியில் இருந்து கூட்டிவர வேண்டும். ஆகவே தூர இடம் தேடிப் போவதில்லை. தொழிற்சாலைக்குள் கமராவுக்குத் தடை. வெளியே பஸ் தரிப்பில் களைத்துப்போய் நிற்கிற துருக்கிக்காரர், போலந்துக்காரர், எங்கட ஆக்கள், இவர்களைத்தான் கேட்டுக் கேட்டு மூன்று வருடமாக எடுக்கிறேன். கமராவும் 50 மில்லிமீற்றர் லென்சும் பாவித்த சாமான்கள். மனிசி கணக்குப் பார்த்துவிட்டு, சிகரெட்டை விடக் குறைவுதான் என்று விட்டுவிட்டா.

பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஸ்நோவுக்குள் அம்மாவை நிறுத்தி எடுத்தால் முகம் கறுத்துப்போகுது என்கிறீர்கள். கமராவின் மீற்றருக்கு வெள்ளை தெரியாது. எதையும் சாம்பல் நிறமாக்கத்தான் பார்க்கும். ஸ்நோ சாம்பலானால் எங்கட முகம் கரியாகும். ஒரு ஸ்ரொப், ஒன்றரை ஸ்ரொப் கூட்டிவிடுங்கோ. வீட்டுக்குள் என்றால் பிளாஷை முகத்தில் அடிக்காமல் ஆளை ஜன்னலடிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ.

சரி, இவ்வளவு மினக்கெடுவது எதற்கு? 2009ல் வன்னியில் இருந்து வந்த சனத்துக்குத் தெரியும். பையோடு வெளிக்கிட்டு, கடைசியில் பையையும் விட்டுவிட்டு வந்தோம். அல்பமெல்லாம் மண்ணுக்குள் போச்சுது. என் அப்பாவின் படம் என்று இருப்பது ஒன்றே ஒன்று. விண்ணப்பப் பத்திரத்துக்கு ஒட்டின சின்னப் படம், காதுக்கு மேல் கந்தோர்ச் சீலின் அரைவட்டம். அவர் சிரித்தால் எப்படி இருப்பார் என்று என் பிள்ளைக்குக் காட்ட என்னிடம் ஒன்றுமில்லை. 2017 மாசியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் தெருவோரம் போராட்டத்துக்கு இருந்தார்கள். அவர்கள் ஏந்திய படங்களை உற்றுப் பார்த்தேன். பிள்ளைக்கென்று எஞ்சியது அந்த ஒரு முகம்தான்.

இங்கே எங்களிடம் படத்துக்குக் குறைவில்லை. சாமத்தியவீட்டு அல்பம் தூக்கேலாத பாரம். குறையாகச் சொல்லவில்லை, நானும் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஆனால் இடியப்பம் பிழிகிற அம்மம்மாவை யார் எடுத்தது? முப்பது வருடம் றெஸ்ரோறன்றில் கோப்பை கழுவின ஐயாவின் கையை யார் எடுத்தது? வேலை உடுப்போடு நிற்கிற படம் வெட்கமாம். எனக்கு அதுதான் வேண்டும்.

ஒருவரின் படத்தை அவரின் சம்மதமில்லாமல் வெளியிடக்கூடாது என்று இந்த நாட்டில் 1907ல் இருந்தே சட்டம் உண்டு. எங்களுக்கு அதற்கு மேலும் காரணம் இருக்கு. வழக்கு முடியாதவையும், ஊரில் ஆக்களை விட்டுவிட்டு வந்தவையும் இங்கே இருக்கினம். ஆகவே நான் எடுப்பது எங்கும் போடப்படாது. இரண்டு பிரதி கடதாசியில் அடித்து உங்கட கையில் தருவேன். ஒன்றை ஊருக்கு அனுப்புங்கோ.

புதுவருடத்துக்குப் பிறகு, ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு 11 மணியில் இருந்து இந்த மண்டபத்து ஜன்னலடியில் ஒரு கதிரை போட்டு வைத்திருப்பேன். காசு வேண்டாம். முதல் ஆளாகச் செயலாளர் அண்ணாவின் அம்மா வாறன் என்று சொல்லியிருக்கிறா. பல்லுக் கட்டி முடிந்த பிறகுதானாம்.