கடைசியாகக் குழாயில் நிற்கப்போவது யார்?



அண்மைக்காலமாக நிலையத்துக்குத் தொலைபேசி எடுக்கும் நேயர்கள் பலர் கேட்பது ஒரே கேள்விதான். "அண்ணை, எங்கட காஸ் அடுப்பைக் கழட்டச் சொல்லி அரசாங்கம் வரப்போகுதாம், உண்மையோ?" முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அடுப்பைக் கழட்டச் சொல்லி எவரும் வரப்போவதில்லை. எங்கள் விக்ரோறியா மாநில அரசு 2025 ஜூன் மாதம் அறிவித்த விதிகளில் சமையல் அடுப்பு சேர்க்கப்படவில்லை. தோசைக்கல்லையும் தாச்சியையும் பயப்படாமல் வைத்திருக்கலாம்.

மாறப்போவது சுடுதண்ணீரும், புதிய வீடுகளும், வாடகை வீடுகளின் ஹீற்றரும். 2027 மார்ச் 1 முதல், திருத்த முடியாமற் போன காஸ் சுடுதண்ணீர்க் கொதிகலனுக்குப் பதிலாக மின்சாரத்தில் இயங்குவதைத்தான் பூட்டவேண்டும். வாடகை வீடுகளில் காஸ் ஹீற்றருக்கும் இதே விதி. திட்டமிடல் அனுமதி தேவைப்படும் புதிய வீடுகளுக்கு 2024 ஜனவரியிலிருந்தே காஸ் இணைப்பு கிடையாது. 2027 ஜனவரியிலிருந்து எல்லாப் புதிய வீடுகளும் மின்சார வீடுகளே.

ஏன் இந்த மாற்றம்? 1965இல் பாஸ் நீரிணையில் இயற்கை வாயு கண்டுபிடிக்கப்பட்டது. 1969இல் மெல்பேர்ண் வீடுகளுக்கு அது வரத்தொடங்கியது. மலிவாகக் கிடைத்தபடியால் தெருவுக்குத் தெரு குழாய் போட்டார்கள். இன்று இம்மாநிலத்தில் ஏறக்குறைய இருபது இலட்சம் வீடுகளில் காஸ் இருக்கிறது. அவுஸ்திரேலியாவில் வேறெந்த மாநிலமும் இவ்வளவு தூரம் காஸை நம்பி இருக்கவில்லை. அந்தக் கடல் வயல்கள் இப்போது வற்றி வருகின்றன. குயீன்ஸ்லாந்தில் எடுக்கும் வாயு, 2015ஆம் ஆண்டளவிலிருந்து திரவமாக்கப்பட்டுக் கப்பலில் வெளிநாடு போகிறது. அதனால் நாங்கள் கட்டும் விலையும் உலகச் சந்தையோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. மேற்கு அவுஸ்திரேலியா 2006இலேயே ஏற்றுமதி வாயுவில் 15 வீதத்தை உள்ளூருக்கு ஒதுக்கவேண்டும் என்று கொள்கை வகுத்தது. கிழக்குக் கரையில் அந்தப் புத்தி அப்போது எவருக்கும் வரவில்லை.

இங்கு நீண்டகாலம் இருப்பவர்களுக்கு 1998 செப்டெம்பர் நினைவிருக்கும். லோங்போர்ட் வாயு ஆலை வெடித்து இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். 13 இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு ஏறத்தாழ இரண்டு கிழமை காஸ் இல்லை. வேலைத்தலத்தில் வெள்ளைக்காரர்கள் பச்சைத்தண்ணீரில் குளித்த கதையைப் பெரிய வீரகதையாகச் சொன்னார்கள். 1990க்குப் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரமே இல்லாமல், ஜாம் போத்தல் விளக்கில் சோதனைக்குப் படித்த நாங்கள் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டோம். ஆனால் ஒரே ஒரு ஆலையை நம்பி ஒரு மாநிலமே இருந்தது சிரிக்கிற விஷயமல்ல.

இனி நான் என் தொழிலுக்கு வருகிறேன். சுற்றாடலைப் பற்றி விஞ்ஞானிகள் பேசட்டும். நான் கணக்காளன், எனக்குத் தெரிந்தது ஐந்தொகை.

நிலத்துக்குக் கீழே கிடக்கும் குழாய் ஒரு நிலையான சொத்து. ஐம்பது வருடம் உழைக்கும் என்று கணக்கிட்டுப் போட்டது. அதன் பெறுமானத்தேய்வை வருடாவருடம் பிரித்து எங்கள் பில்லில் சேர்க்கிறார்கள். ஒரு பேச்சுக்கு, ஒரு தெருவில் நூறு வீடுகள், குழாயின் வருடச் செலவு ஒரு இலட்சம் டொலர் என்று வையுங்கள். வீட்டுக்கு ஆயிரம். அறுபது வீட்டார் காஸை விட்டுவிட்டால் குழாயின் செலவு குறையாது. மிஞ்சிய நாற்பது வீட்டாரும் 2,500 டொலர் கட்டவேண்டும். அதைப் பார்த்து இன்னும் இருபது பேர் விலகுவார்கள். மிஞ்சிய இருபது பேருக்கு 5,000.

இது நானாகக் கட்டிய பயம் அல்ல. அவுஸ்திரேலிய எரிசக்தி ஒழுங்குபடுத்துனர் 2023இல் எங்கள் மாநிலக் குழாய்க் கம்பனிகளுக்குப் பெறுமானத்தேய்வை விரைவுபடுத்த அனுமதி கொடுத்தார். ஆட்கள் போய் முடிவதற்குள் பணத்தை எடுத்துவிடலாம் என்பதுதான் அதன் பொருள். பிற்காலத்தில் மிஞ்சுபவர்களின் சுமை இதனால் கொஞ்சம் குறையும் என்பது நியாயமான வாதம். ஆனாலும் எனக்கு ஒரு கேள்வி உண்டு. முதலீட்டில் ஆபத்து இருக்கிறது என்று சொல்லித்தானே இவ்வளவு காலமும் இலாபம் எடுத்தார்கள்? ஆபத்து வந்தபோது அதில் ஒரு பங்கையாவது பங்குதாரர் ஏற்கவேண்டாமா? எங்கள் சங்கக் கடையில்கூட நட்டத்தை வாடிக்கையாளர் தலையில் முழுவதும் கட்டியதில்லை.

அந்தக் கடைசி இருபது வீடுகளில் இருக்கப்போவது யார்? கையில் காசும் சொந்த வீடும் உள்ளவர் முதலில் விலகிவிடுவார். மிஞ்சப்போவது வாடகைக்கு இருப்பவர்கள், ஓய்வூதியத்தில் வாழும் முதியோர், புதிதாக வந்து கால் ஊன்றாதவர்கள். டண்டினோங் பக்கம் எங்கள் சனம் பலர் அப்படித்தான் இருக்கிறார்கள். ஹீற்றரை மாற்றுவது வீட்டுச் சொந்தக்காரர், பில் கட்டுவது நாங்கள். வாடகை வீடுகளுக்கான விதி நல்லதென்று நான் சொல்வது அதனால்தான். ஆனால் பழையது பழுதாகும் வரை அந்த விதி காத்திருக்கிறது. பழைய ஹீற்றர்கள் இருபது வருடமும் ஓடும்.

"கரியில் எடுக்கும் மின்சாரத்துக்கு மாறி என்ன பயன்?" என்று ஒரு நேயர் கேட்டார். நல்ல கேள்வி. வெப்பப் பம்பி மின்சாரத்தை எரித்துச் சூடாக்குவதில்லை. குளிர்சாதனப்பெட்டியின் பின்பக்கம் சூடாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே வேலைதான். வெளிக்காற்றில் உள்ள வெப்பத்தை எடுத்து உள்ளே தள்ளுகிறது. ஒரு அலகு மின்சாரத்துக்கு மூன்று அலகோ அதற்கு மேலோ வெப்பம் கிடைக்கும். மின்சாரமும் மாறி வருகிறது. ஹேசல்வூட் கரி நிலையம் 2017இல் மூடப்பட்டது. 2035இல் 95 வீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்பது இம்மாநிலத்தின் சட்டபூர்வ இலக்கு.

இனி, செய்யக்கூடியவை. காஸ் பில்லை எடுத்து நாளாந்த இணைப்புக் கட்டணத்தைப் பாருங்கள். ஒரு மூச்சுக் காஸ் எரிக்காவிட்டாலும் அது வரும். வருடத்துக்கு அதுவே சில நூறு டொலர். ஆகவே ஹீற்றரையும் சுடுதண்ணீரையும் மாற்றிவிட்டு அடுப்புக்கு மட்டும் காஸ் வைத்திருப்பது மிக விலையான தேநீர். இன்டக்ஷன் அடுப்புக்கு அலுமினியப் பாத்திரம் சரிவராது, அடி உருண்ட தாச்சியும் சரிவராது. காந்தம் ஒட்டுகிற தட்டையான பாத்திரம் வேண்டும்.

சுடுதண்ணீர்க் கொதிகலன் பத்து வருடத்தைத் தாண்டியிருந்தால் இப்போதே விலை விசாரியுங்கள். யூலை மாதக் குளிரில் அது உடைந்தபின் விசாரித்தால் பேரம் பேச நேரமிராது. மாநிலத்தின் எரிசக்தி மேம்பாட்டுத் திட்டத்தில் விலைக்கழிவு உண்டு. ஆனால் அந்தத் திட்டத்தின் பெயரில் தொலைபேசியில் விற்பது 2024 மே மாதத்திலிருந்தும், கதவைத் தட்டி விற்பது அதே ஆண்டு ஓகஸ்ட்டிலிருந்தும் தடைசெய்யப்பட்டுள்ளன. அப்படி யாராவது வந்தால் கையெழுத்து வையாதீர்கள், தமிழில் கதைத்தாலும் வையாதீர்கள். முழுவதும் விலகுபவர்கள் கணக்கை மூடுவது ஒன்று, குழாய் இணைப்பை நிரந்தரமாக அகற்றுவது வேறொன்று என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அகற்றுவதற்கு வீட்டார் கட்டும் தொகையை ஒழுங்குபடுத்துனர் 2023இல் 220 டொலராக வைத்தார். மிகுதிச் செலவு மற்றப் பாவனையாளர் எல்லோர் பில்லிலும் விழும்படி அப்போது விடப்பட்டது.

பில் விளங்காத முதியவர்கள் வீட்டில் இருந்தால், அடுத்த மாதத் தொலைபேசி நேரத்தில் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள். வரி வரியாகப் பார்ப்போம்.