தூணில் நின்ற இரண்டாம் பெயர்



தருமபுரி மல்லிகார்ச்சுனர் கோயிலின் தொங்கும் தூணைக் கண்டு வியந்தோர் பலர். அக்கோயிலில் சமணக் கல்வெட்டுத் தூண் ஒன்று கண்டறியப்பட்டதை அறிந்தோர் சிலரே. கன்னட மொழியில் அமைந்த அக்கல்வெட்டு சக ஆண்டு 815, அதாவது கி.பி. 893இல், நுளம்ப மன்னன் மகேந்திரன் காலத்தில் பொறிக்கப்பட்டது.

அந்நாளில் தருமபுரியின் பெயர் தகடூர். ஸ்ரீமங்கலத்து வணிகர் ஒருவரின் மக்களாகிய நிதியண்ணனும் சண்டியண்ணனும் தகடூரில் ஒரு ஜிநாலயம் எடுப்பித்தனர். மன்னன் மூலப்பள்ளி என்னும் ஊரை நிதியண்ணனுக்கு அளித்தான். அவர் அதனைத் தமக்கென வைத்துக்கொள்ளாது, மூலசங்கத்துச் சேனான்வயப் பொகரிய கணத்து விநயசேன சித்தாந்த பட்டாரரின் மாணாக்கர் கனகசேன சித்தாந்த பட்டாரரிடம் ஒப்படைத்தார். ஆலயத்தின் பழுது நீக்கவும் பூசனை நடத்தவும் அவ்வூர் வருவாய் உரியதாயிற்று.

இக்கொடையால் நிதியண்ணன் புகழ் பெற்றார். சண்டியண்ணனோ மன்னனிடம் ஊர் பெற்றவராகவும் கூறப்படவில்லை; அதனை வழங்கியவராகவும் கூறப்படவில்லை. ஆலயம் எடுப்பித்த இருவருள் ஒருவர் என்பதே அவருக்குரிய சிறப்பு.

அச்சிறப்பு சிறிதன்று. உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம், தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வார்க்கு உடன்படுதல் என வினைக்கு மூன்று வாயில்களைக் கூறுகின்றது. வணிகக் குடியின் பொருள் ஒருவர் கைப்பொருள் மட்டும் அன்று. உடன்பிறந்தார் மனமுவந்து இசைந்தாலன்றி அது அறமாக மலர்வது அரிது. கொடுத்தவருக்கு ஊரார் புகழ் உண்டு. முகம் வாடாது இசைந்தவருக்கு அப்புகழும் இல்லை. புகழில் பற்று விடுதலும் அபரிக்கிரகமே.

இன்றும் தமிழ்ச் சமணர் ஊர்கள் பலவற்றில் இதனைக் காணலாம். உடன்பிறந்தாருள் ஒருவர் நகரம் சென்று பொருளீட்டித் திருப்பணிக்கு வழங்குகிறார். அவர் பெயர் கல்லில் ஏறுகிறது. மற்றொருவர் ஊரிலேயே தங்கி, முதிய பெற்றோரைப் பேணி, நாள்பூசனை தவறாது ஆலயத்தைக் காக்கிறார். அவர் இல்லையேல் கல்லில் ஏறிய பெயரைப் படிக்கத் திறந்த கதவு இராது. பெயர்ப்பலகையால் உடன்பிறந்தாரிடையே மனக்கசப்பு விளைந்த குடும்பங்களும் உண்டு.

தகடூர்க் கல்வெட்டைப் பொறித்தவர் சண்டியண்ணனை விட்டுவிடவில்லை. திருப்பணிப் பலகை எழுதுவோரும் பொருள் தந்தவருடன் காத்து நின்றவர் பெயரையும் சேர்த்தெழுதுதல் முறையாகும். அம்முறை நிலைபெறின் குடும்பங்களில் ஒற்றுமையும் ஆலயங்களில் பூசனையும் நிலைபெறும்.

அறம் வளர்க!