லயத்து அடுப்பும் நாம் சுவாசிக்கும் காற்றும்

(இளைஞர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

ஆண்டு விழாவில் இளைஞர் பேசுவதென்றால் கல்வி, ஒற்றுமை, ஒழுக்கம் என்று ஏதேனும் ஒன்றைப் பெரியோர் எதிர்பார்ப்பது வழக்கம். இம்முறை எங்களுக்குத் தரப்பட்ட தலைப்போ, மாறிவரும் சீதோஷ்ண நிலையில் வீட்டுக்குள் இருக்கும் காற்றைக் காப்பது எப்படி என்பது. முதலில் நாங்களும் தயங்கினோம். நம் மலைநாட்டுக் காற்றுக்கு என்ன குறை? ஏப்பிரல் மாதம் வந்துவிட்டால் கொழும்பே திரண்டு நுவரெலியாவுக்கு நல்ல காற்று வாங்கத்தானே வருகிறது? உண்மைதான். ஆனால் வருகிறவர்களில் எவரும் நமது லயக் காம்பராவுக்குள் குனிந்து நுழைந்து பார்த்ததில்லை.

மிஷன் பாடசாலையில் நாங்கள் படித்த காலத்தில், மழைக்காலத்துக் காலை வேளைகளில், யார் லயத்துப் பிள்ளை, யார் டவுன் பிள்ளை என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். அடுப்புக்கு மேல் கொடியில் உலர்ந்த எங்கள் சட்டைகள் புகை நாறின. ஓர் ஆசிரியர் அதற்காகவே எங்களைக் கடைசி வாங்குக்கு அனுப்பியதும் உண்டு. அதை அவமானமாக மட்டுமே நினைத்தோம். சட்டையில் ஏறிய புகை நெஞ்சிலும் ஏறியிருக்குமே என்று நாங்களும் எண்ணவில்லை, அந்த ஆசிரியரும் எண்ணவில்லை.

எங்கள் அப்பாயிக்கு ஓயாத இருமல். சுருட்டு, பீடி எதையும் அறியாதவர். "குளிர் ஒத்துக்கொள்ளவில்லை" என்று வீட்டில் எல்லோரும் சொல்லி, கஷாயம் கொடுத்து, காலத்தைக் கடத்தினோம். கடைசியாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது டாக்டர் கேட்ட முதற் கேள்வி, "எத்தனை வருஷம் அடுப்பு ஊதினீர்கள், அம்மா?" என்பதுதான். அப்பாயி விரல்விட்டு எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டார். ஏழு வயதில் ஊதத் தொடங்கியவர் அவர்.

லயத்தின் அமைப்பைச் சற்று யோசித்துப் பாருங்கள். கோப்பிக் காலத்தில் ஆள்களை அடைப்பதற்கென்று எழுப்பிய கட்டடம் அது. பன்னிரண்டடிக்குப் பத்தடி அளவில் ஒரு காம்பரா, முன்னே ஒரு ஸ்தோப்பு. இரட்டை லயம் என்றால் இன்னும் மோசம். இரண்டு வரிசைக் காம்பராக்கள் முதுகோடு முதுகு ஒட்டி, நடுச்சுவர் ஒன்றையே பங்கிட்டுக்கொண்டு ஒரே கூரையின் கீழ் நிற்கும். வாசலுக்கு எதிரே ஜன்னல் வைக்க வழியே இல்லை. ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறினால்தான் காற்று ஓடும். இங்கே நுழைந்த காற்று நுழைந்த வாசலைத்தான் திரும்பத் தேட வேண்டும்.

அந்த இடத்தில் நாம் எரிப்பது பெரும்பாலும் கவ்வாத்து வெட்டிய மிலாறு. காய்ந்த மிலாறு நன்றாகவே எரியும். ஈர மிலாறு அப்படியன்று. நெருப்பின் சூட்டில் ஒரு பங்கு ஈரத்தை ஆவியாக்குவதிலேயே போய்விடுவதால், விறகு முழுமையாக எரியாமல் புகைகிறது. அப்புகையில் ஒரு மில்லிமீற்றரை நானூறு கூறிட்டால் வரும் ஒரு கூறிலும் சிறிய தூசு உண்டு. மூக்கும் தொண்டையும் அதைத் தடுக்கமாட்டா. அது நுரையீரலின் அடிவரை போய்த் தங்கும். மணமும் நிறமும் இல்லாத காபன் மொனொக்சைட்டு வாயுவும் அதிலுண்டு. குளிர் காய்வதற்கென்று கரிச்சட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திப் படுப்பவர்கள் மறுநாள் எழாமற் போவதற்கு அதுவே காரணம். தயவுசெய்து எவரும் அதைச் செய்யாதீர்கள். சமையற் புகை முதலிய வீட்டுக்குள்ளான மாசினால் 2020ஆம் ஆண்டில் உலகில் 32 இலட்சம் பேர் இறந்தனர் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பீடு. நம் நாட்டிலும் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நான்கில் மூன்று குடும்பங்களுக்கு மேல் விறகடுப்பில்தான் சமைத்தன.

இதில் சீதோஷ்ண மாற்றத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். காற்றின் சூடு ஒரு பாகை ஏறினால் அது ஏறக்குறைய நூற்றுக்கு ஏழு பங்கு அதிக நீராவியைத் தாங்கும். தாங்கிய நீர் கொட்டும்போது ஒரேயடியாகக் கொட்டும். அந்நாட்களில் நாம் செய்வது என்ன? கதவைச் சாத்துகிறோம். ஜன்னலுக்குப் பொலித்தீன் அடிக்கிறோம். சுவர் ஈரம் கோத்துப் பூஞ்சணம் பூக்கிறது. விறகும் நனைந்துவிட, அதையே உள்ளே மூட்டுகிறோம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலை சரிந்ததை எல்லோரும் கண்டோம். அது பத்திரிகையில் வந்தது. மழைக்கு அஞ்சிச் சாத்திய கதவுக்குப் பின்னே நடப்பது எந்தப் பத்திரிகையிலும் வருவதில்லை.

தேயிலைத் தொழிற்சாலைக்குள் போனவர்களுக்குத் தெரியும். கொழுந்து வாட்டும் மாடியில் பெரிய காற்றாடிகள் சுழலும். உலர்ந்த குமிழ், ஈரக் குமிழ் என்று இரண்டு வெப்பமானிகளைத் தொங்கவிட்டு, காற்றில் எவ்வளவு ஈரம் என்று பார்த்துப் பார்த்துக் கொழுந்தை வாட்டுவார்கள். கொழுந்து சுவாசிக்கும் காற்றுக்குக் கணக்கு இருக்கிறது. அதைக் கிள்ளியவள் வீடு திரும்பிச் சுவாசிக்கும் காற்றுக்குக் கணக்கு வைத்தவர் எவருமில்லை.

பிற நாட்டார் என்ன செய்தார்கள்? 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டன் மாநகரைக் கரும்புகை மூடியது. நாலாயிரம் பேர் இறந்ததாக அன்று கணக்கிட்டார்கள். பன்னிரண்டாயிரம் வரை இருக்கும் என்றனர் பிற்கால ஆராய்ச்சியாளர். அப்புகையில் பெரும்பங்கு வீடுகளின் கணப்படுப்பிலிருந்து வந்தது. 1956ஆம் ஆண்டுச் சுத்தக் காற்றுச் சட்டம் புகையற்ற வட்டாரங்களை வகுத்தது. அவ்வட்டாரங்களில் வீட்டுக்காரன் தன் அடுப்பை மாற்றும் செலவில் பத்தில் ஏழு பங்கு பொதுப் பணத்திலிருந்து கிடைக்கவும் அது வழி செய்தது. எங்கள் மனத்தைத் தொட்டது அந்தப் பத்தில் ஏழுதான். "புகைக்காதே" என்று ஏழைக்குக் கட்டளையிடுவது எளிது. செலவில் பங்கேற்றால்தான் அது சட்டம்.

நம் பக்கம் திரும்புவோம். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆவது பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணத்தைச் செலவிடத் தடையாக நின்றது. வாக்குக் கேட்டு லயத்துக்கு வரலாம், வென்றபின் ஒரு கூரைத்தகடு தர இயலாது! 2018இல்தான் அது திருத்தப்பட்டது. ஆகவே நம் சபை உறுப்பினர்களிடம் புகைபோக்கி கேட்பது பிச்சையன்று. இந்திய உதவியோடு தனி வீடுகள் எழுகின்றன. முதலில் நாலாயிரம், பின்பு 2017 மே மாதம் நோர்வூட்டில் அறிவித்த பத்தாயிரம். தனி வீடு நமக்கு நூற்றாண்டுக் கனவு. ஆயினும் இனி எழும் எந்த வீட்டிலும், மண்சரிவுக்குப்பின் எழுப்பும் வீட்டிலும், விறகடுப்புக்கு இடமும், கூரை முகட்டுக்கு மேல் உயர்ந்த புகைபோக்கியும் படத்திலேயே இருக்க வேண்டும். குழாய் முகட்டுக்குக் கீழே நின்றால் மலைக்காற்று புகையைத் திருப்பி உள்ளேயே தள்ளும்.

"காஸ் அடுப்பு வாங்கிவிட்டால் தீர்ந்ததே" என்பார்கள் சிலர். 2022இல் 12.5 கிலோ சிலிண்டரின் விலை ஐயாயிரம் ரூபாவை நெருங்கியபோது தோட்டத்து நாட்சம்பளம் ஆயிரம் ரூபா. காஸ் வாங்கிய வீடுகளும் மிலாறுக்கே திரும்பின. இன்னொரு பக்கம் நம் பெரியோர், "புகை இருந்தால் கூரை மரம் உளுக்காது, பரணில் விறகு காயும், கொசு வராது" என்கிறார்கள். பொய்யில்லை. அடுப்புக்கு மேலே பரணில் விறகைக் காயவைப்பது நல்ல வழக்கம், அதை விடவே கூடாது. ஆனால் கொசுவுக்காக அப்பாயியைப் புகைபோடுவது நியாயமா என்று மட்டும் கேட்கிறோம்.

ஆகவே விறகடுப்பையே திருத்துவோம். 1980களில் நம் நாட்டிலேயே உருவான 'அனகி' என்னும் இரட்டைவாய்க் களிமண் அடுப்பு விறகை மிச்சப்படுத்தும். முன்னடுப்பின் மிச்சச் சூட்டில் பின்னடுப்பில் பருப்பு வேகும். ஆனால் அதற்குக் குழாய் கிடையாது. மேலே தகரக் கூண்டும் குழாயும் நாம்தான் பொருத்த வேண்டும். கதவின் அடியில் காற்று நுழைய நான்கு விரற்கடை விட வேண்டும். கீழே காற்று வராவிட்டால் மேலே புகை போகாது.

சங்கத்தின் இளைஞர்களில் தச்சுவேலை தெரிந்தோர் உண்டு, தகரவேலை தெரிந்தோரும் உண்டு. வருகிற ஞாயிறு முதல் ஒவ்வொரு லயமாகப் போய், எத்தனை காம்பரா, எத்தனை அடுப்பு, எத்தனை ஜன்னல், யாருக்கு இருமல் என்று எழுதிக்கொண்டு வரலாம் என்றிருக்கிறோம். அந்த ஏட்டோடுதான் பிரதேச சபைக்குப் போவோம். வெறுங்கையோடு போனால் தேநீர் தந்து அனுப்பிவிடுவார்கள். முதற் புகைபோக்கிக்கு எங்கள் வீட்டு அடுப்பையே தருகிறோம், அப்பாயி சம்மதித்துவிட்டார். தகரம் வாங்கப் பணமும், ஏறி வேலை செய்ய நாலு பேரும் தேவை. விருப்பமுள்ளோர் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயரைக் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள்.