அடைக்கலம் புகுந்த பூனை

(அறக்கட்டளையின் மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஜீவதயை குறித்து இவ்வாண்டு உரையாற்ற வேண்டும் என்று அறக்கட்டளையினர் பணித்தபோது, பூனைகளைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். செயலாளர் சற்றே புன்னகைத்து, "பசுவைப் பற்றியோ புறாவைப் பற்றியோ பேசலாமே, ஐயா" என்றார். அப்புன்னகைக்குக் காரணம் உண்டு. நம் முன்னோர் இல்லத்தில் பூனை வளர்ப்பதை விரும்பியதில்லை. சுவாமி கார்த்திகேயர் அருளிய அனுப்ரேக்ஷை நூல், பூனை முதலியவற்றை வளர்த்தலை ஆயுத விற்பனையோடு ஒருங்கு வைத்து அனர்த்த தண்டம் என்று விலக்குகிறது. பூனை எலியைக் கொல்லும். அதனைப் பேணுபவன் அக்கொலைக்குத் துணை நிற்பவன் ஆவான். இதுவே அவ்விலக்கின் கருத்து. இதனை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மையன்று. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இனி, நம் வாயிலில் நிகழ்வதைப் பார்ப்போம். தாம்பரம், சேலையூர், இராசகீழ்ப்பாக்கம், முடிச்சூர், பெருங்களத்தூர் ஆகிய இப்பகுதிகளில் குளிர்காலம் என்பது வடநாட்டுக் குளிர் அன்று. மார்கழி இரவிலும் இங்கே உறைபனி இல்லை. எனினும் ஐப்பசியில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை மார்கழி வரை நீள்கிறது. நனைந்த உடலும் வீசும் காற்றும் சேர்ந்தால், இருபது பாகை வெப்பத்திலும் ஒரு குட்டி விறைத்து இறந்துவிடும். பூனையின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 38 முதல் 39 பாகை வரை, நம்முடையதினும் மிகுதி. நம் கைக்கு ஒரு குட்டி குளிர்ச்சியாகத் தோன்றுமாயின், அது முன்னரே ஆபத்தில் இருக்கிறது என்று பொருள். மழைநீர் வடிகாலிலும், பூட்டிய கடையின் படிக்கட்டின் கீழும், கட்டி முடியாத வீட்டின் மணற்குவியலிலும் ஈன்ற தாய்ப்பூனைகள், நீர் ஏறும்போது ஒவ்வொரு குட்டியாகக் கவ்வி மேட்டுக்குக் கொண்டு செல்கின்றன. நள்ளிரவில் நீர் ஏறினால் எல்லாவற்றையும் கொண்டு செல்ல அதற்குப் பொழுது வாய்ப்பதில்லை.

2015ஆம் ஆண்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். டிசம்பர் முதல் நாள் காலை தொடங்கி மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. அடையாற்றின் வெள்ளம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது. நீர் வடிந்த மூன்றாம் நாள், உறவினர் வீட்டைத் துப்புரவு செய்யச் சென்ற நான், மாடிப்படியின் வளைவில் ஒரு பெண்பூனையைக் கண்டேன். பின்னங்கால் ஒன்று நசுங்கி அழுகத் தொடங்கியிருந்தது. அஞ்சல் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றி அவ்வாண்டுதான் ஓய்வு பெற்றிருந்தேன். கையில் பொழுது இருந்தது. காய்கறிக் கூடை ஒன்றில் வைத்து, மேலே கூடை கவிழ்த்துக் கயிறு கட்டி, மருத்துவரிடம் கொண்டு சென்றேன். காலை அகற்றினார்கள். மூன்று காலுள்ள பூனை தெருவில் நாய்களிடமிருந்து தப்பாது என்பதால், எங்கள் இரண்டாம் மாடிக் குடியிருப்பிலேயே வைத்துக்கொண்டோம்.

நான் செய்த தவற்றை இப்போது சொல்ல வேண்டும். எம் இல்லத்தில் புலால் நுழைந்ததில்லை. ஆகவே பூனைக்குப் பாலும் தயிர்ச்சோறும் பருப்புச் சாறும் கொடுத்தோம். அதுவும் உண்டது. ஓராண்டுக்கு மேல் அவ்வாறே வளர்த்தோம். வெளியே சென்று எலி பிடிக்கவும் அதற்கு வழியில்லை. "பார்த்தீர்களா, பூனையையும் சைவமாக்கிவிட்டோம்" என்று விருந்தினரிடம் பெருமையாகக் கூறியதும் உண்டு. 2017ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில் ஒரு நாள், அது நாற்காலிக் காலில் முட்டிக்கொண்டதை என் மனைவியார் கண்டார். மறுநாள் கதவில் முட்டியது. நண்பகல் வெயிலிலும் அதன் கண்மணிகள் அகன்றே இருந்தன.

மருத்துவர் விளக்கைக் காட்டிப் பார்த்துவிட்டு, "என்ன உணவு கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டார். சொன்னேன். சிறிது நேரம் அவர் பேசவில்லை. பின்னர் விளக்கினார். டாரின் என்னும் சத்து இறைச்சியிலும் மீனிலும் உள்ளது. தாவர உணவில் இல்லை என்றே சொல்லலாம். பாலில் மிகக் குறைவு. மனித உடலும் நாயின் உடலும் பிற சத்துகளிலிருந்து அதனைப் பெரும்பாலும் தாமே ஆக்கிக்கொள்ளும். பூனையின் உடல் போதிய அளவு ஆக்காது. அது குறைந்தால் விழித்திரை அழியும் என்று 1975ஆம் ஆண்டிலேயே ஆய்வில் கண்டார்கள். இதயத் தசையும் தளர்ந்து விரியும் என்று 1987இல் கண்டார்கள். இதயத்தின் நோயை மருந்தாகக் கொடுக்கும் டாரின் பெரும்பாலும் மீட்கும். அழிந்த விழித்திரை மீளாது. எங்கள் பூனைக்கு இதயம் தப்பியது, கண் தப்பவில்லை.

கொல்லாமை நோன்பின்பொருட்டு ஒரு உயிரைக் குருடாக்கியிருந்தேன். அன்றிரவு எனக்கு உறக்கம் இல்லை. தத்துவார்த்த சூத்திரம் அகிம்சா அணுவிரதத்துக்குரிய ஐந்து அதிசாரங்களைக் கூறுவதைச் சிறுவயதில் பாடசாலையில் ஒப்பித்திருக்கிறேன்: பந்தம், வதம், சேதம், அதிபாராரோபணம், அன்னபான நிரோதம். ஐந்தாவது, கட்டி வைத்த உயிர்க்கு உணவும் நீரும் தடுத்தல். நான் உணவைத் தடுக்கவில்லை. தட்டு எப்போதும் நிறைந்தே இருந்தது. ஆயினும் அதன் உடலுக்கு உரிய உணவை அடைத்த கதவுக்குள் வைத்துத் தடுத்தேன். இதனை அன்னபான நிரோதம் அன்று என்று சொல்ல என்னால் இயலவில்லை. ஆசாரிய பெருமக்கள் வேறு விளக்கம் கூறக்கூடும், கேட்டுக்கொள்ளக் காத்திருக்கிறேன்.

இந்த இக்கட்டு நமக்கு மட்டும் உரியதன்று. தில்லிச் செங்கோட்டைக்கு எதிரே, திகம்பர ஜைன லால் மந்திர் வளாகத்தில் ஒரு பறவை மருத்துவமனை உள்ளது. 1929இல் தொடங்கியது, 1957 முதல் இப்போதுள்ள கட்டடத்தில் இயங்குகிறது. புறாவும் கிளியும் அங்கே உள்நோயாளிகளாகத் தங்குகின்றன. பருந்தும் கழுகும் வந்தால் திருப்பி அனுப்புவதில்லை. வெளிநோயாளியாக வைத்துக் கட்டுப் போட்டு மருந்து கொடுத்து அனுப்புகிறார்கள். புலால் உண்பதால் உள்ளே தங்க வைப்பதில்லை. மருந்துக்கு வேறுபாடு இல்லை, உறையுளுக்கு உண்டு. இம்முறையை முதலில் கேள்வியுற்றபோது சற்றுக் கடுமையாகத் தோன்றியது. இப்போது அதில் ஒரு தெளிவைக் காண்கிறேன்.

நம் சிந்தாமணியை எண்ணிப் பாருங்கள். அடிபட்டு உயிர்போகும் நாயின் செவியில் சீவகன் பஞ்ச மந்திரத்தை ஓதுகிறான். அது சுதஞ்சணன் என்னும் தேவனாகிறது. அந்நாய் முன்பு எதை உண்டது என்று சீவகன் கேட்டதாகத் திருத்தக்கதேவர் பாடவில்லை. அதே வேளையில், அவன் நாய்களை வளர்த்ததாகவும் பாடவில்லை. வளர்த்தல் வேறு, இடுக்கண் களைதல் வேறு. முன்னோர் விலக்கியது முதலாவதை. ஔஷத தானமும் அபய தானமும் இரண்டாவதைச் சேர்ந்தவை.

எங்கள் பூனையின் கதை இவ்வாறு முடிந்தது. எதிர்வீட்டுக் கிறித்தவ அம்மையார், "எங்கள் வீட்டில் அன்றாடம் மீன் உண்டு, ஐயா, என்னிடம் விடுங்கள்" என்று கேட்டு எடுத்துச் சென்றார். மருந்துச் செலவு எனது, உணவு அவரது என்று பேசிக்கொண்டோம். கண்ணில்லாமலே அவ்வீட்டின் ஒவ்வொரு மூலையையும் கற்றுக்கொண்டு 2024 தை மாதம் வரை அது வாழ்ந்தது. என் காலடி ஓசையை அறியும். அவர் வீட்டுக்குள் நான் போகும்போதெல்லாம் முதலில் அதுதான் வரும்.

அன்று முதல் நான் கைக்கொண்டுவரும் முறை இதுதான்: நோயுற்ற பூனையை எடுத்து மருத்துவம் பார்ப்பேன், நலமானதும், அதற்குரிய உணவை மனவருத்தமின்றிக் கொடுக்கும் இல்லத்தில் சேர்ப்பேன், அல்லது எடுத்த இடத்திலேயே விடுவேன். இடைப்பட்ட நாள்களில் டாரின் சேர்த்த உலர் உணவை மருத்துவமனையாரோ அண்டை வீட்டாரோ கொடுக்கிறார்கள். மருந்துக்கான டாரின் ஆலையில் செயற்கையாகவே ஆக்கப்படுகிறது. தாவர மூலப் பூனை உணவுகளும் வெளிநாடுகளில் விற்கப்படுகின்றன. கால்நடை மருத்துவரின் தொடர்ந்த மேற்பார்வை இல்லாமல் அவற்றை நம்பி இறங்க வேண்டா என்பதே குருட்டுப் பூனையை வளர்த்தவனின் வேண்டுகோள்.

அடுத்த மழைக்காலத்துக்குப் பயன்படும் சிலவற்றைக் கூறுகிறேன். குட்டிகள் தனித்துக் கிடந்தால் உடனே தூக்கிவிடாதீர்கள். நனையாமலும் கதகதப்பாகவும் இருக்குமாயின் எட்ட நின்று தாய்க்காகக் காத்திருங்கள்; இடம் மாற்றுவதற்கு இடையில் வைத்துச் சென்றிருக்கும். நனைந்து குளிர்ந்திருந்தால் மட்டும் காத்திருத்தல் கூடாது. துடைத்து உலர்த்தி, வெந்நீர் நிரப்பிய புட்டியைத் துணியில் சுற்றி அருகில் வைத்து, முதலில் உடலைச் சூடேற்றுங்கள். குளிர்ந்த குட்டிக்குப் பால் புகட்டினால் அது செரியாது. மூச்சுக்குழலில் புகுந்தே பல இறக்கின்றன. சூடேறிய பிறகு பூனைக்குட்டிக்கென்று விற்கும் பால்மாவைக் கரைத்து, குப்புறப் படுத்த நிலையில் கொடுக்க வேண்டும். மல்லாத்திக் கொடுப்பது நம் குழந்தைக்கு உரிய முறை. பசும்பால் வயிற்றுப்போக்கைத் தரும். அரை கிலோவும் இல்லாத உடலில் ஒரு நாள் போக்கே உயிரை வாங்கும். மூன்று வாரம் வரை குட்டி தானாகச் சிறுநீர் கழிக்காது. தாய் நக்கித் தூண்டுவதை நாம் ஈரப் பஞ்சால் செய்ய வேண்டும். கூச்சப்பட ஒன்றுமில்லை, பேரக்குழந்தைகள் மகிழ்வோடு செய்வார்கள்.

பெரிய பூனைகளுக்கு மேட்டில் ஓர் அட்டைப்பெட்டியும் உலர்ந்த வைக்கோலும் போதும். துணி ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், வைக்கோல் பிடிக்காது. விடியற்காலையில் மகிழுந்தை இயக்கும் முன் முன்மூடியை இருமுறை தட்டுங்கள். சூட்டுக்காக எஞ்சினுக்குள் ஏறியிருக்கும்.

ஒன்றை மிக வலியுறுத்திச் சொல்ல வேண்டும். காய்ச்சல் என்று எண்ணிப் பாரசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். அதனை முறிக்கும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு இல்லை. ஒரு மாத்திரையே கொன்றுவிடும். பினாயிலும் நாய்க்குரிய உண்ணி மருந்துகள் சிலவும் அவ்வாறே நஞ்சு. கடித்தாலோ பிறாண்டினாலோ, பூனைதானே என்று விடாமல் பதினைந்து நிமிடம் சோப்பிட்டுக் கழுவி, அரசு மருத்துவமனையில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

எங்கே கொண்டு செல்வது என்று கேட்பீர்கள். 1903இல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தாம்பரத்திலிருந்து மின்தொடர் வண்டியில் எழும்பூர் வரை சென்று சேரலாம். அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் பெசன்ட் நினைவு விலங்கு மருத்துவகம் உள்ளது. கிண்டி வேளச்சேரி சாலையில் புளூ கிராஸ் உள்ளது. 1959இல் பெருமழையில் தத்தளித்த நாய்க்குட்டிகளை விமானியான கேப்டன் சுந்தரம் எடுத்து வந்ததிலிருந்து தொடங்கிய அமைப்பு அது. இவற்றுக்கெல்லாம் கூட்டம் மிகுதி. மழைநாளில் இன்னும் மிகுதி. அருகிலுள்ள மருத்துவரின் எண்ணை முன்பே எழுதி வைத்திருப்பது நலம்.

கருத்தடை குறித்தும் ஒரு சொல். அதுவும் சேதம் என்னும் அதிசாரம் அன்றோ என்று என்னிடம் பலர் வாதிட்டிருக்கிறார்கள். அவ்வாதத்துக்கு வலிமை உண்டு. எனினும் இரண்டு மாதமே கருச்சுமக்கும் ஒரு தாய், ஆண்டுக்கு இருமுறை ஈன்று, மழையில் பாதிக்கு மேல் இழப்பதை ஆண்டுதோறும் காண்பவன் நான். மயக்கமருந்து கொடுத்து முறையாகச் செய்யும் அறுவையை நான் ஆதரிக்கிறேன். உடன்படாதோர் பொறுத்தருள்க.

நிறைவாக ஒரு செய்தி. கம்பிக்கூண்டு இரண்டும், பால்மாப் பெட்டியும், வெந்நீர்ப் புட்டிகளும் வாங்க அறக்கட்டளை இசைந்துள்ளது. அவை மண்டபத்தின் பின்புறப் பொருளறையில் இருக்கும், சாவி காவலரிடம். மழைநாளில் வண்டி ஓட்டிவர இயலும் இளைஞர்களும், புலால் உண்ணும் அண்டை வீட்டாரில் பூனையை ஏற்கக்கூடியவர்களை அறிந்த தாய்மார்களும், வாயிலில் வைத்துள்ள பதிவேட்டில் பெயர் எழுதிச் செல்லுமாறு வேண்டுகிறேன். பேனா அங்கேயே கட்டப்பட்டுள்ளது.