பழைய கார் வழியில் நின்றால்: பார்ட்ஸ் மாற்றும் முன் ஒயரைப் பாருங்கள்

(சங்கத்தின் ஞாயிறு கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் சார் பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார். அடுத்து தண்ணீர் லாரி விஷயம் இருக்கிறது, பாதிப் பேர் அதற்குத்தான் வந்திருக்கிறீர்கள் என்பதும் தெரியும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நம் பேஸ்மென்ட்டில் நிற்கும் பழைய கார்களில் பல, இந்தப் பக்கத்திலேயே பிறந்தவை. 1998ல் இருங்காட்டுக்கோட்டையில் இருந்து சான்ட்ரோ வந்தது. அடுத்த வருஷம் மறைமலை நகரில் இருந்து ஃபோர்டு ஐகான். 2010ல் ஒரகடத்தில் இருந்து மைக்ரா. மாருதி 800 இன்னும் கார்புரேட்டரில் ஓடிக்கொண்டிருந்தபோதே சான்ட்ரோ எம்.பி.எஃப்.ஐ.யோடு வந்தது. கார்புரேட்டர் வண்டியை மெக்கானிக் காதால் கேட்டு, ஸ்க்ரூ டிரைவரால் சரி செய்துவிடுவார். இன்ஜெக்ஷன் வண்டியில் அது நடக்காது. சென்சார்கள் சொல்வதைக் கேட்டு, எவ்வளவு பெட்ரோல் விடுவது என்று இ.சி.யு. முடிவு செய்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது பதினைந்து, இருபது வருஷம் வெயிலும் மழையும் பார்த்த ஒயர். பழைய வண்டியில் நான் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான்.

நம் பி பிளாக்கில் ஒருவரின் கார். செகண்ட் ஷிஃப்ட் முடிந்து இரவில் வருகிறவர். ஏ.சி., ஹெட்லைட் இரண்டும் ஓடும்போது ரேடியேட்டர் ஃபேன் சுற்ற ஆரம்பித்தால் இன்ஜின் குலுங்கும், சில நாள் நின்றே போகும். வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் பின்னால் டிரெய்லர் வரும்போது வண்டி நின்றால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். இன்ஜின் நின்றால் பிரேக் பூஸ்டர் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் துணை நிற்கும், பவர் ஸ்டீயரிங்கும் கனத்துவிடும். அவர் ஒரு ஒர்க்ஷாப்பில் விட்டார். பெட்ரோல் பம்ப் மாற்றினார்கள். சரியாகவில்லை. இன்ஜெக்டர் கிளீனிங் செய்தார்கள். அதற்கும் அடங்கவில்லை. மூன்றாவதாக இ.சி.யு. போயிருக்கும் என்று எஸ்டிமேட் கொடுத்தார்கள். வண்டியை விற்றுவிடலாம் என்று வீட்டில் பேச்சு வந்துவிட்டது.

நான் கேட்டது ஒரே கேள்வி: ஃபேன் சுற்றும்போது மட்டும் ஏன்? பம்ப் கெட்டிருந்தால் மேடு ஏறும்போது, வேகம் எடுக்கும்போது இழுவை குறையும். ஃபேனோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. கரண்ட் அதிகம் இழுக்கும்போது குலுங்குகிறது என்றால் கரண்ட் போகும் வழியையும் திரும்பும் வழியையும்தான் பார்க்க வேண்டும்.

இதற்கு சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் போதும். டி.சி. 20 வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனை பேட்டரியின் மைனஸில், சிவப்பு முனை இன்ஜினில் பெயின்ட் இல்லாத உலோகத்தில். கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக் போட்டு, இன்னொருவர் செல்ஃப் அடிக்கட்டும். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. 0.5ஐத் தாண்டினால் கோளாறு. அவர் வண்டியில் 1.1 காட்டியது. கொஞ்சம்தானே என்று தோன்றும். ஆனால் ஆக்ஸிஜன் சென்சார் இ.சி.யு.வுக்குச் சொல்லும் சேதி மொத்தமும் சுமார் 0.1 முதல் 0.9 வோல்ட்டுக்குள் அடக்கம். எர்த்தே இவ்வளவு ஆடினால் அது எதை நம்பும்?

கியர் பாக்ஸில் எர்த் ஒயர் பூட்டும் போல்ட்டைக் கழற்றினோம். அடியில் துருவும் கிரீஸும். முன்பு கிளட்ச் வேலை நடந்தபோது கழற்றி, துடைக்காமல் மாட்டியிருக்கிறார்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினோம். மீட்டர் 0.1க்கு வந்தது. அதற்குப் பிறகு ஃபேன் சுற்றினாலும் வண்டி அசையவில்லை. பழைய பம்ப்பில் கோளாறே இருந்திருக்காது என்பது என் கணிப்பு.

வண்டி ஸ்டார்ட்டே ஆகவில்லையா? சாவியை ஆன் செய்துவிட்டுக் காது கொடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் பின் சீட் பக்கம் இரண்டு விநாடி "ம்ம்" என்று பம்ப் சத்தம் வரும். வரவில்லை என்றால் முதலில் ஃபியூஸ், பிறகு ரிலே. அதே மாதிரி இன்னொரு ரிலே பாக்ஸில் இருந்தால் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம், செலவே இல்லை. ஐகான் மாதிரிப் பழைய ஃபோர்டு வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை: பெரிய குழியில் இறங்கியபின் வண்டி நின்றால், காலடிப் பக்கம் இருக்கும் இனர்ஷியா சுவிட்ச் பெட்ரோலை நிறுத்தியிருக்கலாம். முதலில் வண்டிக்கு அடியில் ஒழுகல் இல்லை என்று பாருங்கள், பிறகு அதன் பட்டனை அழுத்துங்கள்.

சாவி ஆன் செய்ததும் செக் இன்ஜின் விளக்கு எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். ஆனில் எரியவே இல்லை என்றால் ஒன்று பல்பு போயிருக்கும், இல்லை இ.சி.யு.வுக்குக் கரண்டே வரவில்லை. சூடானதும் நின்று, அரை மணி ஆறியதும் ஒன்றும் நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும் வண்டியில் கிராங்க் சென்சாரைச் சந்தேகப்படுங்கள். ஆர்.பி.எம். மீட்டர் உள்ள பல வண்டிகளில், அது போயிருந்தால் செல்ஃப் அடிக்கும்போது முள் அசையாது. ஆன்லைனில் விற்கும் சின்ன ஸ்கேனர் 2010க்கு முந்தைய பல வண்டிகளோடு பேசவே பேசாது. அதைப் பார்த்து இ.சி.யு. செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்கள் கவனம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் எத்தனை கார்கள் முங்கின என்று பார்த்தோம். கார்ப்பெட்டைத் தூக்கி அடியில் ஓடும் ஒயர் கப்ளர்களைத் திறந்து பாருங்கள். பச்சையாகப் பூத்திருந்தால் விலை பேசவே வேண்டாம்.

இப்போது நம் எல்லாரையும் பாதிக்கும் விஷயம். ஹெட்லைட்டுக்கு 100 வாட் பல்பு போட்டு, ரிலே இல்லாமல் கம்பெனி ஒயரிலேயே ஓட்டுகிறார்கள். ஹோல்டர் உருகும். ஹாரன், கேமரா, ஆம்ப்ளிஃபயர் எல்லாம் ஒயரைச் சுரண்டி டேப் சுற்றி எடுக்கிறார்கள். இதோடு எலி கடித்த பெட்ரோல் ஹோஸும் சேர்ந்தால், மேலே எட்டு மாடி இருக்கிறது. பேஸ்மென்ட்டில் பெட்ரோல் வாடை வந்தால் சாவியைத் தொடாதீர்கள். செக்யூரிட்டியைக் கூப்பிட்டு, வண்டியை வெளியே தள்ளுங்கள்.

இ20 பெட்ரோல் பற்றி மூன்றாவது மாடி மேடம் கேட்டார்கள். இருபது சதவீதம் எத்தனால். மைலேஜ் கொஞ்சம் குறையும். அதைவிட, அந்தக் காலத்து ரப்பர் ஹோஸும் ஓ ரிங்கும் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் தண்ணீரையும் இழுக்கும், அதனால் மாதக்கணக்கில் ஓட்டாமல் டேங்கில் விட்டு வைக்காதீர்கள். ஹோஸ் வெடிப்போ பிசுபிசுப்போ காட்டினால் இன்ஜெக்ஷன் வண்டிக்கான ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். கார்புரேட்டர் ஹோஸ் அந்தப் பிரஷரைத் தாங்காது.

அடுத்த ஞாயிறு காலை மீட்டரோடு விசிட்டர் பார்க்கிங்கில் இருப்பேன். இன்ஜின் ஆறிய வண்டியாகக் கொண்டு வாருங்கள். இனி தண்ணீர் லாரியைப் பேசலாம்.