ஓவியத்தின் பின்புறம்



கவிஞர்கள் நிறைந்த அவையில் ஓர் ஓவியரைப் பற்றிப் பேச வந்துள்ளேன். அதற்கான காரணம் என் குறையொன்றைச் சார்ந்தது. முடிவில் அதனைச் சொல்கிறேன்.

ஆங்கிலேய ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1776ஆம் ஆண்டு சஃபோக் மாவட்டத்தில் பிறந்தார். தந்தையார் மாவு ஆலைகளின் உரிமையாளர். மகனும் இளமையில் காற்றாலையொன்றில் பணி செய்தார். காற்றாலையில் நிற்பவனுக்கு வானம் வெறும் அழகன்று, அன்றாடப் பிழைப்பு. காற்று திசை மாறுவதை முன்னதாக அறியாவிடில் ஆலைக்கே கேடு வரும். அந்தக் கண்ணோடுதான் அவர் ஓவியத்துறைக்கு வந்தார்.

மனைவி மரியா நோயுற்றவர். அவருக்குத் தூய காற்று வேண்டுமென்று இலண்டனை அடுத்த ஹாம்ப்ஸ்டெட் குன்றில் கான்ஸ்டபிள் வீடு எடுத்தார். 1821, 1822ஆம் ஆண்டுகளில் அங்கே திறந்த வெளியில் அமர்ந்து, தாளின்மேல் எண்ணெய் வண்ணத்தால் முகில்களை வரைந்தார். அவற்றுட் பலவற்றில் மரமில்லை, மனையில்லை, மாந்தரில்லை. வானம் மட்டுமே உண்டு.

அந்த வேலையின் அருமையைச் சற்று எண்ணிப் பாருங்கள். எண்ணெய் வண்ணம் மெல்ல உலர்வது. முகிலோ நொடிக்கு நொடி உருமாறுவது. சாம்பல் நிறத்தைக் குழைத்து முடிப்பதற்குள் வானத்தில் அந்தச் சாம்பல் இருக்காது. இன்று நாம் காணும் வண்ணக்குழாய்களும் அன்று இல்லை. ஜான் ராண்ட் என்பவர் அவற்றுக்குக் காப்புரிமை பெற்றது 1841இல். கான்ஸ்டபிள் 1837இலேயே மறைந்தார். வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி எடுத்துச் சென்ற காலம் அது. எனவே சிறிய தாள், விரைந்த கை, ஈர வண்ணத்தின் மேலேயே மீண்டும் ஈர வண்ணம் என்று ஏறத்தாழ ஒரு மணி நேரத்திற்குள் அவர் முடித்தாக வேண்டியிருந்தது.

முடித்தபின் அவர் செய்ததுதான் என்னை ஈர்த்தது. அப்படங்கள் பலவற்றின் பின்புறத்தில் நாள், நேரம், காற்றின் திசை, அப்போதைய வானிலை ஆகியவற்றை எழுதிவைத்தார். நிலமும் பொழுதுமே முதற்பொருள் என்ற தொல்காப்பியரை அவர் அறியார். ஆயினும் பெரும்பொழுதையும் சிறுபொழுதையும் சேர்த்தே அவர் குறித்துவைத்த முகில்கள் பல.

'அறைக்குள் அமர்ந்து எழுதிய நற்கவிதைகள் இல்லையா?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கான்ஸ்டபிளின் புகழ்பெற்ற 'வைக்கோல் வண்டி' ஓவியமும் 1821இல் இலண்டனில் அறைக்குள் வரையப்பட்டதே. ஆனால் வெளியில் தீட்டிய சிற்றோவியங்களே அதற்கு மூலம். வெளியே சேர்த்ததை உள்ளே செலவிடலாம். சேர்க்காததை எவ்வாறு செலவிடுவது?

1882ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், நெதர்லாந்தின் ஸ்கேவனிங்கன் கடற்கரையில் வின்சென்ட் வான்கோ புயற்காற்றுக்கு நடுவே கடலைத் தீட்டினார். பறந்துவந்த மணல் ஈர வண்ணத்தில் அப்பிக்கொண்டது. சுரண்டி எடுத்துவிட்டு, அருகிலிருந்த விடுதியில் அமர்ந்து மீண்டும் தீட்டினார். அவ்வோவியத்தில் இன்றும் மணல் துகள்கள் உள்ளன. அன்றைய காற்று தன் கையொப்பத்தை இட்டுச் சென்றிருக்கிறது.

இனி என் குறையைச் சொல்கிறேன். சங்க இலக்கியத்தில் பொழுது குறித்து ஆய்ந்து முனைவர் பட்டம் பெற்றவள் நான். முல்லைக்குக் கார்காலமும் மாலையும் உரியன என்று ஆண்டுதோறும் கற்பிக்கிறேன். ஓர் ஆவணி மாதப் பிற்பகல், அப்பாடத்தை நடத்துகையில் சாரல் அடித்தது. புத்தகங்கள் நனையுமென்று சன்னல்களைச் சாத்தச் சொன்னேன். அப்போது ஒரு மாணவி எழுந்து, "அம்மா, கார் மேகம் எந்தத் திசையில் எழும்?" என்று கேட்டாள். என் ஆய்வேட்டில் அதற்கு விடை இல்லை. உழவர் வீட்டுப் பெண் அவள், விடையையும் அவளே சொன்னாள்: "எங்கள் ஊரில் மதியம் மேற்கே கறுத்தால் பொழுது சாய்வதற்குள் மழை வந்துவிடும், அம்மா."

பகலெல்லாம் வெயில் காய்ந்து, மாலையில் இடி இடித்துப் பெய்யும் மழை அது. முல்லையின் மாலை நூலோர் வகுத்த மரபு மட்டுமன்று, கண்டறிந்த மாலையும் ஆகும் என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது. அதனைக் கண்டவர்கள் வெளியே நின்றவர்கள். நானோ சன்னலைச் சாத்திவிட்டு மரபை மட்டும் படித்தவள்.

இவ்வட்டத்தின் கவியரங்குகளில் மழையைப் பற்றி எத்தனையோ கவிதைகள் கேட்டிருக்கிறோம். அவற்றுட் சில மழையிலிருந்து பிறந்தவை. சில முந்தைய மழைக்கவிதைகளிலிருந்து பிறந்தவை. எது எதுவென்று எழுதியவர் மனம் அறியும்.

பதினோராம் ஆண்டில் காலெடுத்து வைக்கும் நம் வட்டத்தாரிடம் ஒரு வேண்டுகோள். இனி எழுதும் கவிதையின் பின்புறத்தில் நாளும் நேரமும் காற்றின் திசையும் குறித்து வையுங்கள். அதனை அச்சிட வேண்டியதில்லை. எவருக்கும் காட்டவும் வேண்டியதில்லை. குறிக்க இயலவில்லையென்றால், எழுந்து சென்று சன்னலைத் திறந்து பாருங்கள். நானும் என் வகுப்பறையில் அதையே செய்து வருகிறேன். புத்தகங்கள் சற்று நனைகின்றன.